இரண்டாந்தரம் கேட்காத மாஸ்டர்

கடுகண்ணாவை ஏற்றத்தில், மலைச்சரிவு ரோட்டில் விழாமல் தாங்கிக்கொண்டு நிற்கிறதே ஒரு கருங்கல் சுவர், அது நான் கட்டியது. எனக்கு முன்னால் வேலையைக் குத்தகைக்கு எடுத்த இரண்டு கொந்தராத்துக்காரர்கள் அங்கே எந்தச் சுவரும் நிற்காது என்று கையை விரித்துவிட்டுப் போனார்கள். நான் கட்டி முடித்த கிழமையே பேய் மழை. மலை இறங்கி வந்து சுவரில் சாய்ந்து பார்த்தது. சுவர் நகரவில்லை. பிலிமத்தலாவையில் ஒரே கூரைக்குக் கீழே நீளமாக நிற்கும் கடை வரிசை என் வேலை. அலவத்துகொடையில் பள்ளிவாசல் முற்றத்தில் தொழ வருகிறவர்கள் கைகால் கழுவுகிற தொட்டியும் என் வேலை. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரனுக்கு இதைக் கொடுப்பதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஊர்ப் பெரியவரான ஹாஜியார் ஒருவர் மட்டும், தொட்டி கசியாமல் இருந்தால் போதாதா என்று கேட்டு என்னிடம் ஒப்படைத்தார். இன்றுவரை ஒரு சொட்டுக் கசிந்ததில்லை. மாதா கோயில் மணிக்கூண்டு, எத்தனையோ மதகுகள், ஆற்றுக்கு இறங்கும் கல்படிகள், கட்டுகஸ்தோட்டையில் நான் குடியிருக்கும் மாடி வீடு, எல்லாம் இந்தக் கையால் வந்தவை.

இதையெல்லாம் செய்தவன் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவன். பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருசம் போனேன், அதிலும் பாதி நாள் அம்மாவோடு கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்றேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். இங்கிலீசு தெரியாது. கல் தெரியும். ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து அது எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்ல எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரமாட்டார்கள்.

மாஸ்டரின் பழைய மாணவர்களாகிய நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு செய்தி இருந்தது. ஒன்று, காலமான மாஸ்டருக்கு நினைவு மலர் போடுகிறீர்கள், அவருடைய பழைய சிநேகிதன் என்ற முறையில் நானும் கொஞ்சம் எழுதவேண்டும். இரண்டு, மகாவலிக் கரைப் பழைய ஊர்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை மறுபடி அச்சில் ஏற்றப் போகிறீர்கள். முதல் செய்திக்காக நான் பேனையை எடுக்கவில்லை. இரண்டாவதற்காகத்தான் எடுத்தேன். மாஸ்டரின் பேரை இதில் எழுதமாட்டேன். அவர் புத்தகத்தில் என் பேரை எழுதாமல் சமாளித்தார். அவர் பேர் இல்லாமல் நானும் சில பக்கம் சமாளித்துப் பார்க்கிறேன். யார் என்று உங்களுக்குத் தெரியும்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுசர். ஒல்லி, நெட்டை, வெள்ளைக் கோட்டு, எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தானைக் கழற்றாதவர். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்க வந்து, என் வீட்டுக்குப் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தார். நான் அப்போதுதான் சில்லறை வேலைகளை விட்டு அரசாங்க வேலைக்குக் கேட்டுப் பார்க்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த காலம். அரசாங்கக் கந்தோரிலிருந்து வரும் கடிதங்களை வாசித்துச் சொல்ல ஆள் இல்லை. மாஸ்டர் வாசித்துச் சொன்னார். என் முதல் விண்ணப்பத்தை இங்கிலீசில் எழுதித் தந்ததும் அவர்தான். அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அந்த நன்றியை நான் மறுக்கவில்லை, எழுதிவிட்டேன், மலரில் போடுங்கள்.

அதற்குக் கைம்மாறாக ஒரு சாய்வு கதிரை செய்வித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல பலா மரம், பிரம்பு பின்னல். மாஸ்டர் இரண்டு கையையும் உயர்த்தி, வேண்டாம் அண்ணை, இதெல்லாம் என்னத்துக்கு என்றார். கதிரையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் என் வீட்டுக்காரி மதலேனம்மாள் என்னைத் திட்டினாள். திரும்பப் போய் இன்னொருதரம் சொல்லுங்க, ஒருதரம் சொன்னா யாரு வாங்குவா என்று அனுப்பினாள். திரும்பப் போனேன். இந்தமுறை மாஸ்டர் கையை உயர்த்தவில்லை. அறைக்கு வெளியே விறாந்தையில் அதை வைக்கவேண்டிய இடத்தைக் காட்டினார். நான் முதல்முறை போவதற்கு முன்பே அந்த இடத்திலிருந்த பெட்டியை அவர் நகர்த்தி வைத்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இதுதான் மாஸ்டர். எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம். இரண்டாந்தரம் வற்புறுத்தினால் சரி. மூன்றாந்தரம் வரை யாரையும் அலையவிட்டதில்லை, முதல்தரத்தில் யாரையும் திருப்திப்படுத்தியதும் இல்லை. குடை கொடுத்தால் வேண்டாம், மழை தூறல்தான் என்பார். இன்னொருதரம் நீட்டினால் வாங்கி விரிப்பார். நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். கொடுக்கிறவன் இரண்டாந்தரம் சொல்லவேண்டும், வாங்குகிறவன் முதல்தரம் மறுக்கவேண்டும், அதுதான் மரியாதை. ஆனால் மாஸ்டர் மாதிரி அதைப் பூசை போலச் செய்தவரை நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டில் அது நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்தார் போதும் என்பதற்குக் காணும் என்பார்கள். மதலேனம்மாள் பலாக்காய்க் கறியோடு வந்து நின்றால் போதும், அவர் இடது கையைப் பீங்கான் தட்டுக்கு மேலே குடை மாதிரி பிடித்துக்கொண்டு, காணும் தங்கச்சி, காணும் என்பார். அவள் காதில் வாங்காமல் கையைச் சுற்றி ஊற்றுவாள். அவர் கையை இழுத்துக்கொண்டு முழுவதையும் சாப்பிடுவார். ஒருநாள் அவளே என்னிடம் சொன்னாள், மாஸ்டர் வயிறு வேற, வாய் வேறங்க, நான் வயித்தோட மட்டுந்தான் பேசுறேன் என்று.

நாலைந்து வருசத்தில் அவரை யாழ்ப்பாணத்துக்கே மாற்றிவிட்டார்கள். உங்களுக்கெல்லாம் படிப்பித்தது அங்கேதான். ஆனால் ஆகஸ்ட் லீவு வந்தால் ரயிலேறிக் கண்டிக்கு வந்துவிடுவார். நான் அதற்குள் ஊரைவிட்டுப் போன ஒரு துரையிடம் துணிக்கூரை போட்ட பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். நானே ஓட்டுவேன். மாஸ்டருக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. மகாவலி ஓரத்தில் முன்பு ராசாக்கள் இருந்த ஊர்களையெல்லாம் ஒன்றொன்றாகப் பார்த்து எழுதவேண்டும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவோம். கம்பளை, கன்னொருவை, குண்டசாலை, ஒருதரம் மலையெல்லாம் இறங்கி அளுத்நுவர வரைக்கும் போய், திரும்பும் ஏற்றத்தில் காரின் தண்ணீர் கொதித்து ஆவியாகி, அவர் கோட்டைக் கழற்றாமலே வாளியில் ஓடைத் தண்ணீர் சுமந்தார்.

ஒவ்வொரு பயணமும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். உங்களுக்கு எவ்வளவு வேலை கிடக்கு அண்ணை, நான் பஸ்ஸிலை போய் வாறன் என்பார். அதைச் சொல்லும்போது சப்பாத்துப் போட்டு, குறிப்பெழுதும் கொப்பியைக் கக்கத்தில் வைத்து, காரின் முன்கதவுக்கு நேரே நிற்பார். நான் ஏறுங்க மாஸ்டர் என்று இன்னொருதரம் சொல்லவேண்டும். சொல்வேன். ஏறுவார்.

போகிற இடத்தில் அவர் வேலை செய்கிற விதம் அழகு. யாரிடம் எதைக் கேட்டாலும் முதலில் பேரைக் கேட்பார். தகப்பன் பேர், ஊர், தொழில். கொப்பியில் அதை எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு. விகாரையில் விளக்குக்கு எண்ணெய் விடுகிறவன், தபால் கந்தோர் கிளாக்கர், மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த கிழவன், எல்லார் பேரும் அந்தக் கொப்பியில் உண்டு. ஒருவனிடம் ஒரு செய்தி வாங்கினால் அவன் பேரோடுதான் வைக்கவேண்டும் அண்ணை, இல்லாவிட்டால் அது களவு என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னவர் அவர். நான் இட்டுக்கட்டவில்லை.

குண்டசாலைப் பயணத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும், பின்னால் அது தேவைப்படும். ஆற்றோரம் ஒரு கொக்கோத் தோட்டம். அதற்குள் பழைய ராசா காலத்துக் கல் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டு உள்ளே போனோம். தோட்டத்துத் துரை மரியாதையான ஆள். கல்லைக் காட்டினார், விறாந்தையில் உட்காரச் சொன்னார், தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று மாஸ்டரிடம் இங்கிலீசில் கேட்டார். மாஸ்டர் வேண்டாம் என்றார். துரை தலையை ஆட்டிவிட்டுத் தன் கோப்பையை மட்டும் எடுத்துக் குடித்தார். கேக் இருந்த தட்டை வேலைக்காரன் உள்ளே கொண்டுபோய்விட்டான். நல்ல உச்சி வெயில், காலையிலிருந்து நடை. மாஸ்டர் முகம் விழுந்துவிட்டது. காரில் ஏறியதும் பொரிந்து தள்ளினார்.

“ஒருக்கா வேண்டாம் எண்டு சொன்னவுடனை விட்டிட்டானே, என்ன மனுசன் அண்ணை இவன்? ஒரு ஆளை மதிக்கிறவன் திருப்பிக் கேக்கமாட்டானோ?”

நான் சிரித்துவிட்டேன். நல்ல பசிதான் போல என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டாந்தரம் கேட்காதவன் முதல்தரமே கொடுக்க நினைக்காதவன் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். மதலேனம்மாளிடமும் அதைச் சொன்னார், அவள் அன்று மூன்று கறி வைத்தாள்.

இனி அந்தப் பாறைக்கு வருகிறேன்.

மழை தப்பிப்போன வருசம் அது. அதற்குப் பின்னால்தான் மலேரியாக் காய்ச்சல் பரவி ஊரூராகச் சனத்தைக் கொண்டுபோனது. அந்த ஆகஸ்டில் மகாவலியில் தண்ணீர் முழங்காலளவு. நான் என் ஆயுசில் பார்க்காத பாறையெல்லாம் வெளியே கிடந்தது. கம்பளைக்குக் கொஞ்சம் கீழே ஆறு வளைகிற இடத்தில், ஒரு சிங்களத் தோணிக்காரர் எங்களைக் கூட்டிப்போய், ஆற்றின் நடுவே தட்டையாகக் கிடந்த கரும்பாறையைக் காட்டினார். பாறையில் சதுரம் சதுரமாக வெட்டிய குழிகள், இரண்டு வரிசை, கரையிலிருந்து கரைக்குப் போகிற மாதிரி. அவருடைய தாத்தா காலத்தில் ஒருதரம் தெரிந்ததாம், பிறகு இப்போதுதான். மாஸ்டர் அந்த இடத்திலேயே அவர் பேரையும் தகப்பன் பேரையும் எழுதிக்கொண்டார்.

மாஸ்டருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கோட்டோடு தண்ணீரில் இறங்கிக் குழிகளை எண்ணினார். இது ராசாவின் நீராட்டு மண்டபம் என்றார். ஆற்றின் நடுவே தூண் நிறுத்தி, மேலே கூரை போட்டு, ராணிமார் குளித்த இடம் என்றார். கரையில் உட்கார்ந்து கொப்பியில் மண்டபத்தைப் படமாகவே வரைந்துவிட்டார். தூண், கூரை, உச்சியில் கலசம்கூட.

நான் குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏதோ உறுத்தியது. தூண் நிறுத்துகிற குழி என்றால் நேரே கீழே இறங்கவேண்டும். இது இறங்கவில்லை. கையை விட்டுப் பார்த்தேன். குழியின் ஒரு பக்கச் சுவர் சரிந்திருந்தது. கார் பின்பக்கத்தில் அலவாங்கு இருந்தது, வேலைக்குக் கொண்டுபோன கடப்பாறை. அதை எடுத்துவந்து மேல்வரிசைக் குழி ஒன்றில் நிறுத்தினேன். அது நேரே நிற்காமல் தண்ணீர் ஓடுகிற திசைக்குத் தலை சாய்ந்து நின்றது. தோணிக்காரரிடம் அவர் தோணி தள்ளுகிற கம்பை வாங்கி, அதற்கு எதிரே கீழ்வரிசைக் குழியில் நிறுத்தினேன். அது தண்ணீருக்கு எதிர்த்திசையில் தலை சாய்ந்தது. இரண்டும் மேலே போய் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன, சண்டைக்கு நிற்கிற இரண்டு கிடாய் மாதிரி.

மாஸ்டர் கொப்பியோடு தண்ணீரில் இறங்கி வந்து பார்த்தார்.

நான் சொன்னேன்: “மண்டபத் தூண எவனாவது சாச்சு நடுவானா மாஸ்டர்? இது பாலம். ரெண்டு மரத்த இப்படி தலையோட தலை சேத்துக் கட்டி, அந்தக் கவட்டுல உத்தரம் போட்டு, மேல பலகை. வெள்ளம் தள்ளத் தள்ள மரம் இன்னும் இறுகும். நான் மதகு கட்டுறப்ப ஆளுக நடக்க இப்படித்தான் கட்டுவேன்.”

ஒவ்வொரு சோடிக் குழியிலும் அலவாங்கையும் கம்பையும் மாற்றி மாற்றி நிறுத்திக் காட்டினேன். எல்லாம் ஒரே சாய்வு. மாஸ்டர் மண்டபப் படத்தைக் குறுக்கே கோடிழுத்து அடித்தார். பிறகு மெல்லச் சொன்னார், பாலம் இருந்ததென்றால் ராசாவின் பட்டணம் இந்தக் கரையில் மட்டும் இல்லை, அந்தக் கரையிலும் இருந்திருக்கிறது என்று. அது அவர் மூளை. குழியின் சாய்வு என் மூளை. இரண்டையும் பிரித்து எழுதத்தான் கேட்கிறேன்.

திரும்பி வரும் வழியில் கெலிஓயாவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். வெயில் தணிந்த நேரம். மாஸ்டர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, அண்ணை, புத்தகம் அச்சடிக்கைக்குள்ளை உங்கட பேரைப் போடட்டோ என்று கேட்டார்.

என் பேர் எந்தக் கடதாசியிலும் அச்சில் வந்ததில்லை. கட்டிய சுவரிலெல்லாம் திறந்துவைத்தவர் பேர்தான் இருக்கும். லயத்தில் பிறந்தவனுக்குப் புத்தகத்தில் பேர். அதுவும் கல்லைப் பற்றி.

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? ஆமா மாஸ்டர், போடுங்க என்று கையை நீட்டியிருக்கவேண்டுமா? எங்கள் வீட்டில் அப்படி வளர்க்கவில்லை. அவரும் அப்படி வளர்ந்தவர் இல்லை.

“அதெல்லாம் எதுக்கு மாஸ்டர், நமக்குள்ள” என்று சொன்னேன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மாஸ்டர் தேத்தண்ணியைக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். சரி அண்ணை என்றார். இந்த வருசம் மழை பிந்தும் போல கிடக்கு என்றார்.

வீட்டில் சாப்பிடும்போது கேட்பார் என்று நினைத்தேன். மறுநாள் ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபோது கேட்பார் என்று நினைத்தேன். ரயில் நகர்ந்த பிறகும், கடிதத்தில் கேட்டு எழுதுவார் என்று நினைத்தேன். பதில்கூட மனதில் எழுதி வைத்திருந்தேன். உங்கள் இஷ்டம் என்று இரண்டே சொல். இரண்டு வருசம் அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு தபால்காரனைப் பார்த்திருந்தேன். நடுவில் ஒரு ஆகஸ்டில் வந்தார், பயணம் போனோம், அப்போதும் கேட்கவில்லை.

புத்தகம் தபாலில் வந்தது. நீல அட்டை. முதல் பக்கத்தில், அன்புள்ள அண்ணைக்கு என்று மையால் எழுதிக் கையெழுத்து. மதலேனம்மாள் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், என்னைவிட வேகமாகப் படிப்பாள். நன்றியுரையை அவள் வாசித்தாள். தோணிக்காரர் பேர் தகப்பன் பேரோடு இருந்தது. விகாரையில் எண்ணெய் விடுகிறவன் பேர் இருந்தது. மாடு குளிப்பாட்டிய கிழவன் பேர், தபால் கந்தோர் கிளாக்கர் பேர், தேத்தண்ணி கொடுக்காத கொக்கோத் துரை பேர்கூட இருந்தது. கடைசி வரி, வாகனமும் உணவும் தந்துதவிய கண்டி அன்பர் ஒருவர்.

பாலத்தைப் பற்றிய அதிகாரத்தை அவள் வாசிக்க நான் கேட்டேன். குழிகளின் சாய்வு தன் கண்ணுக்குத் தற்செயலாகப் பட்டது என்று எழுதியிருந்தார். கடப்பாறையும் கம்பும் கொண்டு தானே சோதித்ததாகவும். அந்தக் கடப்பாறையைத் தூக்க அவர் உடம்பில் பலம் ஏது?

மதலேனம்மாள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“வாகனம் உங்களோடது, சரி. சோறு நான் போட்டது. ரெண்டு பேரையும் சேத்து அன்பர் ஒருவர்னு ஒரே ஆளாக்கிட்டாரே. அது போகட்டும், அவர் உங்களக் கேக்கவே இல்லியா?”

கேட்டார், நான் வேணாம் என்றேன் என்று சொன்னேன். எத்தனைதரம் கேட்டார் என்றாள். ஒருதரம் என்றேன்.

அடுத்த ஆகஸ்டில் மாஸ்டர் வழக்கம்போல வந்தார். நான் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை. மத்தியானம் சாப்பாடு. மதலேனம்மாள் ஆற்று மீன் குழம்பை எடுத்து வந்தாள். அவர் இடது கையைப் பீங்கானுக்கு மேலே பிடித்து, காணும் தங்கச்சி, காணும் என்றார். அவள், சரி மாஸ்டர் என்று சட்டியை அப்படியே உள்ளே கொண்டுபோய் மூடி வைத்துவிட்டாள்.

மாஸ்டரின் கை பீங்கானுக்கு மேலேயே நின்றது. வெறும் சோறு பாதி இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் என் சோற்றைப் பிசைந்தேன். ஒரு நிமிசத்தில் அவர் எழுந்து கை கழுவினார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு, முகத்தில் தெரிந்தது. என் வீட்டில் ஒரு விருந்தாளி அரை வயிற்றோடு எழுந்தது அன்று ஒருநாள்தான்.

விறாந்தைக்கு வந்தார். அவருக்கு நான் கொடுத்த சாய்வு கதிரை, மாற்றலாகிப் போனபோது என் வீட்டிலேயே விட்டுப்போனது, அதில் உட்காராமல் நின்றுகொண்டு பேசினார்.

“அண்ணை, நான் கேட்டனான். நீங்கள்தான் வேண்டாம் எண்டனீங்கள்.”

“ஒருதரம் கேட்டீங்க.”

“உங்கட சொல்லுக்கு நான் மரியாதை குடுத்தனான்.”

“இத்தன வருசமா இந்த வீட்டுல நீங்க சொன்ன வேணாமுக்கு யாரும் மரியாதை குடுக்கல மாஸ்டர். குடுத்திருந்தா பட்டினி கெடந்திருப்பீங்க.”

அவர் கழுத்துப் பொத்தானைத் தடவினார். கொக்கோத் துரையை அவரே திட்டியதை நான் ஞாபகப்படுத்தவில்லை. தேவையிருக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, நீங்கள் கட்டின மதகுகளிலை கல்லுக் கொத்தின மேசன்மாரின்ர பேர் கிடக்கோ அண்ணை என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. பொய் சொல்லமாட்டேன், சரியான கேள்வி. எந்தக் கல்லிலும் அவர்கள் பேர் இல்லை. அன்றைக்குச் சாயங்கால ரயிலிலேயே அவர் போனார். நான்தான் ஸ்டேஷனுக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். ஏறுங்க மாஸ்டர் என்று ஒருதரம் சொன்னேன். ஒருதரத்திலேயே ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் கட்டிய முதல் மதகின் பக்கக் கல்லில் என் தலைமை மேசன் பேரை வெட்டுவித்தேன். அவன் வேணாங்க, வேணாங்க என்று கும்பிட்டான். நான் மூன்றுதரம் கேட்டேன். பிறகு கட்டிய எல்லாவற்றிலும் அப்படியே செய்தேன், போய்ப் பார்க்கலாம். மாஸ்டர் கேட்ட கேள்விக்கு நான் கல்லில் பதில் சொல்லிவிட்டேன்.

பல வருசம் கழித்து மதலேனம்மாள் செத்தபோது ஆறுதல் கடிதம் ஒன்று போட்டிருந்தார். தங்கச்சியின் கையால் சாப்பிட்டதை மறக்கமாட்டேன் என்று எழுதியிருந்தார். புத்தகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் பதில் போடவில்லை. போட்டிருக்கலாமோ என்று இப்போது சிலநேரம் படுகிறது. சிலநேரம் படுவதில்லை.

நான் பலநாள் யோசித்திருக்கிறேன். மறந்துபோய்விட்டார் என்று நினைக்க முடியாது, அவர் மறக்கிற ஆள் இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்த கொந்தராத்துக்காரன் ஒருவன் காட்டிக் கொடுத்துத்தான் இதைக் கண்டேன் என்று எழுதினால், யாழ்ப்பாணத்துப் படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்திருக்கிறார். மாடு குளிப்பாட்டுகிறவன் பேரைப் போடலாம், அவன் கேட்டதற்குப் பதில் சொன்னவன். நான் அவரைத் திருத்தியவன். அதுதான் வித்தியாசம். களவு என்று அவரே சொன்ன காரியத்தைச் செய்ய அவருக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. அந்தத் தேத்தண்ணிக் கடையில் என் வாயிலிருந்து ஒரு வேணாம் வாங்கிக்கொள்ளத்தான் கேட்டார். நானும் மரியாதையாகக் கொடுத்தேன்.

மாணவர்களே, உங்கள் மாஸ்டர் பெரிய மனுசர்தான். மலரில் எவ்வளவு வேண்டுமானாலும் புகழுங்கள். நான் எழுதிய இந்தப் பக்கங்கள் மலருக்கு ஒத்துவராது என்றால் கிழித்துப் போடுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் புத்தகம் மறுபடி அச்சில் ஏறுமுன் பாலத்து அதிகாரத்தைத் திருத்துங்கள். தூண்குழிகள் சாய்வானவை என்று கண்டதும், அலவாங்கும் தோணிக்கம்பும் நிறுத்திக் காட்டியதும், இது மண்டபம் இல்லை, பாலம் என்று சொன்னதும் மிக்கேல் மகன் சவரிமுத்து, கட்டடக் கொந்தராத்துக்காரன், கட்டுகஸ்தோட்டை. பாலம் இருந்ததால் பட்டணம் இரண்டு கரையிலும் இருந்தது என்று கண்டது உங்கள் மாஸ்டர், அதை அவருக்கே விடுங்கள். நன்றியுரையில் அன்பர் ஒருவர் என்ற வரியை எடுத்துவிட்டு, கார் ஓட்டியது சவரிமுத்து, சோறு போட்டது அவன் மனைவி மதலேனம்மாள் என்று இரண்டு பேரையும் தனித்தனியே போடுங்கள். போட்டுவிட்டு, அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த இரண்டு பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள். எழுத்துக் கூட்டி நானே படித்துப் பார்க்கவேண்டும்.